மந்திரத் தொட்டி என்று சொன்னது நான்தான்

கண்ணு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மில்லில் ஷிஃப்டு மாறியது, சேலத்து வெயில், வாடகை வீட்டுக் கிணறு வற்றியது எல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் இடமில்லாமல் ஓரத்தில் நுணுக்கி நாலு வரி எழுதியிருக்கிறாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மாமனார் வீட்டிலிருந்து குழந்தை வந்து இருபது நாளாகிறது, நீ அவளை இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. உன் மனைவி முதலில் கேலி செய்தாள், அப்புறம் கோபித்துக்கொண்டாள், முந்தாநாள் அழுதேவிட்டாள். "என் கைக்குப் பாப்பா ஆகாதுங்கப்பா, தெய்வானை இந்தக் கையிலிருந்துதானே போனா" என்று எழுதியிருக்கிறாய். "சின்ன வயசில ஒரு சினிமாவப் பாத்துட்டு எனக்கு ஏதோ கிறுக்குப் புடிச்சிருச்சு" என்றும் எழுதியிருக்கிறாய்.

கிறுக்குப் பிடித்தது உனக்கு இல்லை, எனக்கு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சலவைப் பட்டறை தின்ற கை இது, எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள். தனியாக உட்கார்ந்து படி. படித்து முடித்ததும் உன் மனைவியிடம் கொடு. அவளிடம் எதையும் மறைக்காதே. மறைத்து வாழ்வது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு வீட்டில் ஒரு ஆள் போதும், அந்த ஆளாக நான் இருந்தாகிவிட்டது.

உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது உனக்கு ஒன்பது வயது, உன் தங்கை தெய்வானைக்கு ஐந்து. நான் திருப்பூரில் ஆற்றங்கரைப் பட்டறை ஒன்றில் பனியன் துணி வெளுக்கும் வேலையில் இருந்தேன். கோராத் துணி பழுப்பாக வரும், அதைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் முக்கி, ஆற்றில் அலசிக் காயப்போட்டால் வெள்ளையாகப் போகும். துணி வெளுக்கிறதோ இல்லையோ, கை வெளுத்துவிடும். முழங்கை வரைக்கும் தோல் உரிந்து உரிந்து, சுண்ணாம்பு பூசின சுவர்போல ஆகிவிட்டது எனக்கு. எத்தனை தடவை குளித்தாலும் பவுடர் வாடை போகாது. பள்ளிக்கூடத்தில் உன்னை "சுண்ணாம்புக்கையன் மவன்" என்று கூப்பிடுகிறார்கள் என்று உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ என்னிடம் சொன்னதில்லை. ஆனால் சந்தைக்குப் போகும்போது என் கையைப் பிடிக்காமல் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தாய். ஒரு அப்பனுக்கு அது எப்படி இருக்கும் என்று இப்போது உனக்குப் புரியலாம்.

அந்தக் கோடையில் மங்கலம் ரோட்டு மைதானத்தில் டெண்டு கொட்டாய் போட்டார்கள். வெளிநாட்டுப் படம், ஆள் நடிக்காத படம், எல்லாம் கையால் வரைந்த பொம்மைகள் நடப்பதும் பேசுவதுமாக இருக்கும் என்று தமுக்கு அடித்துச் சொன்னார்கள். வரைந்த படம் எப்படி நடக்கும் என்று உங்கள் இரண்டு பேருக்கும் தூக்கமே வரவில்லை. தெய்வானையை நான் தோளில் வைத்துக்கொண்டேன். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன அவள் வலது கால் என் நெஞ்சின்மேல் தொங்கிக்கொண்டு வந்தது. நீ முன்னால் ஓடினாய். மணலில் உட்கார்ந்து பார்த்தோம். திரையில் பேசியது நமக்கு ஒரு எழுத்தும் புரியாது. கொட்டாய்க்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நம் பேச்சில் கதை சொன்னார்.

கதை இதுதான். அப்பன் ஆத்தா இல்லாத ஒரு நோஞ்சான் பையன் ஒரு மந்திரவாதியிடம் எடுபிடியாக இருக்கிறான். போகிறவன் வருகிறவன் எல்லாம் அவனை உதைக்கிறான். ஒரு நாள் மந்திரவாதியின் கொதிக்கிற தொட்டிக்குள் ஒரு குருவிக்குஞ்சு விழுந்துவிடுகிறது. அதைக் காப்பாற்ற இவன் கையை உள்ளே விடுகிறான். கை வேகவில்லை. வெளியே எடுக்கும்போது இரண்டு கையும் வெள்ளை வெளேரென்று ஒளி விடுகிறது. அந்தக் கையால் தொட்டால் நொண்டி நடக்கிறான், குருடன் பார்க்கிறான், பாறை பொடியாகிறது. அப்புறம் அவன்தான் அந்த நாட்டையே காப்பாற்றுகிறான். அந்தக் கை திரையில் ஒளி விட்டபோது நீ படத்தைப் பார்க்கவில்லை, திரும்பி என் கையைப் பார்த்தாய். அதைக் கவனித்தேன் கண்ணு. கவனித்து, சந்தோஷப்பட்டேன்.

திரும்பி வரும் வழியில் கேட்டாய்: "ஏனுங்கப்பா, உங்க கையும் அப்படித்தான் வெள்ளையாச்சுங்களா?"

பட்டறைத் தொட்டியில் இருப்பது சோடா, தொட்டால் தோலை உரித்துவிடும், கிட்டேயே போகக்கூடாது என்று அதற்கு முன்னால் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் அதைச் சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் பல மாதத்துக்குப் பிறகு நீ என் விரலைப் பிடித்திருந்தாய். "ஆமா கண்ணு, அதே மாதிரித்தான்" என்றேன்.

"எரியும்னு சொன்னீங்களே?"

"பயந்தாத்தான் எரியும். துணிஞ்சவனுக்கு எரியாது."

இதை நான் சொன்னேன். மைக் பிடித்த ஆள் சொல்லவில்லை, பொம்மைகள் சொல்லவில்லை. உன் அப்பன் சொன்னான்.

ஒரு பொய்யோடு நிறுத்தினேனா என்றால் அதுவும் இல்லை. அடுத்த வாரம் பட்டறையிலிருந்து ஒரு குப்பியில் பவுடர் தண்ணீர் கொண்டுவந்தேன். உங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, மஞ்சள் கறை பிடித்த துணித்துண்டு ஒன்றை டம்ளரில் போட்டு, நாற்பது முப்பத்திநாலு இருபது என்று நூல் நம்பர்களை மந்திரம்போல வேகவேகமாக முணுமுணுத்தேன். கறை கரைந்து துணி வெள்ளையானது. தெய்வானை கை தட்டினாள். நீ தட்டவில்லை, வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேஸ்திரி முன்னால் நிமிர்ந்து நின்று பேசத் தெரியாதவன், ஊட்டில் மந்திரவாதி ஆகிவிட்டேன். நாலாம் நாள் நீ பள்ளிக்கூடத்தில் யாரிடமோ "எங்கப்பா கை சும்மா கையில்ல" என்று சண்டை போட்டு உதடு கிழிந்து வந்தாய். அப்போதாவது நான் முழித்திருக்க வேண்டும். உன் அம்மாவுக்குத் தெரியாமல் உதட்டுக்கு மருந்து வைத்துவிட்டு, பெருமையாகத் தூங்கினேன்.

குழந்தைகளுக்குக் கதை சொல்லாதே என்று நான் சொல்லமாட்டேன். சொல், நிறையச் சொல். ஆனால் உன் மகள் நாளைக்கு உன்னை உலகத்திலேயே பெரிய ஆள் என்று நினைப்பாள். எல்லாக் குழந்தையும் நினைக்கும். அந்த நினைப்பைக் காப்பாற்றிக்கொள்ளக் கதை சொல்லாதே. வலிக்கிற இடத்தைத் தொட்டு ஒரு கேள்வி கேட்டால் கதையை நிறுத்திவிட்டு உள்ளதைச் சொல்லிவிடு, அவள் முகம் சுருங்கினாலும் பரவாயில்லை. என்னிடம் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். கோழிக்குக் கம்பு தூவிக்கொண்டிருந்தேன். நீ பின்னால் வந்து நின்று, "தெய்வானை காலையும் அதுல நனைச்சா நல்லாயிருங்களா?" என்று கேட்டாய். உன் அம்மா மலைமேல் முருகனுக்கு வெள்ளியில் கால் செய்து போடுவதாக வேண்டிக்கொண்டிருந்த காலம் அது. கோவைக்கும் ஈரோட்டுக்கும் வைத்தியத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைந்து நாங்கள் ஓய்ந்துபோயிருந்தோம். ஆகாது கண்ணு, அந்தக் கால் அப்படியேதான் இருக்கும் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவேளை எனக்கே நான் சொல்லிக்கொள்ள முடியவில்லையோ என்னவோ. "ஆகும் ஆகும், அதுக்கொரு நேரம் வரும்" என்று சொல்லிவிட்டுக் கம்பைத் தூவினேன்.

நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நேரம் வந்துவிட்டது என்று முடிவு செய்தாய்.

ஞாயிறுகளில் பட்டறைக்கு லீவு. அந்த வாரம் காவல் முறை எனக்கு. சனிக்கிழமை அடுப்பெரித்து வேகவைத்த துணி திங்கள் காலை வரைக்கும் சோடாத் தொட்டியிலேயே கிடக்கும். ஞாயிறு மத்தியானத்தில் அதில் கொதி இருக்காது, ஆவியும் இருக்காது, பார்த்தால் கிணற்றுத் தண்ணீர்போல அசையாமல் இருக்கும். சூடும் காரமும் மட்டும் அடங்கியிருக்காது. நான் ஆற்றங்கரையில் காயப்போட்டிருந்த துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கம்போல நீ தூக்குப்போசியில் எனக்குச் சோறு கொண்டுவந்தாய். வழக்கமில்லாமல் இடுப்பில் தங்கையைத் தூக்கி வந்திருந்தாய். அது எனக்குத் தெரியாது. மேலே போட்டிருந்த பலகை ஒன்றைத் தள்ளி, அவளைத் தொட்டிச் சுவர்மேல் உட்காரவைத்து, அக்குளைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலை மட்டும் உள்ளே இறக்கியிருக்கிறாய்.

"அண்ணா, எரியுது" என்று கத்தினது எனக்கு ஆற்றங்கரை வரைக்கும் கேட்டது. அதற்குப் பின்னாலேயே உன் குரலும் கேட்டது. "பயப்படாத புள்ள, பயந்தாத்தான் எரியும்!"

ஓடினேன். ஓடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொன்னது, அதே வார்த்தை, உன் வாயிலிருந்து வருகிறது. அவள் துள்ளின துள்ளலில் உன் பிடி நழுவியிருக்கிறது. நான் போய்ச் சேருவதற்குள் நீ இரண்டு கையையும் முழங்கைக்கு மேல் வரைக்கும் உள்ளே விட்டு அவளை இழுத்து வெளியே போட்டிருந்தாய். இதை நன்றாகக் கேட்டுக்கொள். பட்டறையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவன்கூடக் கோல் இல்லாமல் அந்தத் தொட்டிக்குள் கை விடமாட்டான். நீ விட்டாய். உன் கையிலிருந்து அவள் நழுவினாள், உண்மைதான். அதே கைதான் அவளை வெளியே எடுத்தது. அந்த இரண்டாவது விஷயத்தை உன்னிடம் இதுவரை யாருமே சொன்னதில்லை. சொல்ல வேண்டியவன் நான், சொல்லவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாள். ஆறாம் நாள் போய்விட்டாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

ஆனால் முதல் நாள் நடந்ததை எழுதியே ஆகவேண்டும். பட்டறை வாசலில் ஊரே கூடி நின்றது. வண்டி கொண்டுவரப் போயிருந்தார்கள். உன் அம்மா புழுதியில் விழுந்து புரண்டுகொண்டிருந்தாள். உன் இரண்டு கையிலும் யாரோ ஈரத்துணி சுற்றியிருந்தார்கள், நீ அழாமல் நின்றாய். நான் உன்னிடம் வந்து, அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தில் அறைந்து, "எவன்டா உனக்கு இதச் சொன்னது?" என்று கத்தினேன். எவன் சொன்னது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் சொன்னாய்: "யாரும் சொல்லலீங்கப்பா. நானாத்தான்."

ஒன்பது வயதுப் பிள்ளை, வெந்த கையோடு, என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றான். நான் அந்த வார்த்தைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். இருபது வருஷமாக அங்கேதான் இருக்கிறேன். சினிமாவால் வந்த வினை என்று ஊர் சொன்னது, நானும் ஆமாம் என்றேன். பையனுக்குக் குறும்பு ஜாஸ்தி என்றார்கள், அதற்கும் தலையாட்டினேன். முதலில் நீ எனக்காகச் சொன்ன பொய்யை, வளர வளர நீயே நம்பிவிட்டாயோ, இல்லை எல்லாம் தெரிந்தும் இன்னும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாயோ, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் போதும். இனி நீ என்னைக் காப்பாற்ற வேண்டாம்.

உன் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அவள் உன்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அதுதான் கொடுமை. அன்றையிலிருந்து உன் தலைக்கு அவள் எண்ணெய் வைத்ததில்லை. தட்டில் சோற்றைப் போட்டு உன் பக்கம் தள்ளி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பதினைந்து வயதில் நீ மில் வேலைக்குச் சேலம் கிளம்பினபோது பெட்டியை எடுத்துக் கொடுத்தது நான், அவள் உள்ளேயிருந்து வரவில்லை. உன் கல்யாணத்துக்கு முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாள். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் உனக்கு உன் அம்மா திரும்பக் கிடைத்திருப்பாள். வாயைத் திறக்காமல் இருந்தேன், அவள் என்னைவிட்டுப் போய்விடுவாள் என்ற பயத்தில். அம்மா இல்லாமல் நீ வளர்ந்தாய், பெண்டாட்டி இல்லாமல் நான் இருக்கக்கூடாது என்பதற்காக. வேறு எப்படிச் சொன்னாலும் கணக்கு இதுதான்.

உன் கடிதம் வந்த மறுநாள் மத்தியானம் அவளிடம் சொல்லிவிட்டேன். மூலனூரிலிருந்து உன் மாமன் கொடுத்துவிட்ட முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஆரம்பித்ததும் அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். விரலைப் பிடித்தது, பயந்தாத்தான் எரியும் என்றது, டம்ளர், கோழிக்குக் கம்பு தூவினது, எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையை நீ தூக்குவதில்லை என்பதையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். மடக்கின அரிவாள்மனையைச் சுவரோரம் தள்ளி வைத்தாள்.

அப்புறம் கேட்டாள்: "அவனுக்குத் தட்டத் தள்ளி வெச்சுட்டு நான் போயிருவனுங்களே, அப்ப நீங்க பக்கத்துலதானுங்க உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"பாத்துக்கிட்டே தின்னீங்களாங்க?"

தின்றேன்தான்.

"நீ என்னைய உட்டுட்டுப் போயிருவீன்னு பயமா இருந்துச்சு" என்றேன்.

"இப்பப் போறனுங்க" என்றாள்.

அந்த நேரத்திலும் அவள் வாயிலிருந்து அந்த 'ங்க' போகவில்லை. போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு சேலையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் மூலனூருக்கு, தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் வரட்டுமா என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டுக்கொண்டே போனேன். "நீங்க வர வேண்டாங்க" என்றாள். ஊடு இப்போது எப்படி இருக்கிறது என்பதை உனக்கு எழுதப்போவதில்லை. எனக்கு இது சரிதான். நீயும் என்னை மன்னித்துவிட்டேன் என்று உடனே எழுதிவிடாதே, நீ அப்படிச் செய்கிற ஆள். நன்றாகக் கோபப்படு. உனக்குச் சேரவேண்டிய கோபம் அது, இருபது வருஷமாக நீ அதை உன் கைமேலேயே காட்டிக்கொண்டிருக்கிறாய்.

இனி முக்கியமானது. வருகிற வெள்ளிக்கிழமை காலையில் அவளைப் பஸ் ஏற்றிவிடுவதாக உன் மாமன் சொல்லியனுப்பியிருக்கிறான். ஈரோட்டில் மாறி, மத்தியானத்துக்குள் சேலம் வந்துவிடுவாள். தனியாக வருகிறாள். அவள் தனியாக எந்த ஊருக்கும் போனதில்லை, போர்டு படிக்கத் தெரியாது, ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் நில். உன்னைப் பார்த்ததும் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. எதுவும் பேசாமல் இருந்தாலும் இருப்பாள். நீயாக எதையும் கேட்காதே, பேச ஆரம்பித்தால் தடுக்காதே.

இந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும். அதற்கும் வெள்ளிக்கும் நடுவில் மூன்று நாள் இருக்கிறது. ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு மூலனூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டு அவள் ஒரே ஒரு விஷயம் உனக்கு எழுதச் சொன்னாள். மருமகள் கொடுத்தாலும் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தாலும் அவள் பேத்தியை வாங்கமாட்டாளாம். "அவங் கையிலருந்துதானுங்க நான் பாப்பாவ வாங்குவேன்" என்றாள். அதற்குள் தூக்கிப் பழகிக்கொள், கண்ணு.